பட்டணமா, திருப்பதியா

நைனா,

நேற்று மத்தியானம் என் அறையில் ஏரி வாடை அடித்தது. பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே, டைப்பிங் கடைக்கு மேலே இருக்கிறதே, நீ ஒரு தடவை படியேறி வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கோழிக்கூண்டு மாதிரி கீது" என்றாயே, அதே அறைதான். ஆரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துவைத்து மடித்த சட்டைதான். ஆனாலும் சேறும் இறால் ஓடும் வெயிலில் காய்ந்த வலையும் சேர்ந்த அந்த வாடை துவைத்தால் போகுமா? என் குமாஸ்தா மூக்கைச் சுளித்தான். அவனை முறைத்த முறைப்பில் மூக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. எனக்கோ இன்னும் கொஞ்சம் மோந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவர் பெண் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். எங்கள் காலம் போல பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருடம் பி.எல். படிக்கிற கதையெல்லாம் இப்போது வேண்டியதில்லை நைனா. பள்ளிக்கூடம் முடித்ததுமே ஐந்து வருடச் சட்டப் படிப்பு வந்துவிட்டது. அவளுக்கு இரண்டு ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. "ஒண்ணு மெட்ராசு, ஒண்ணு பெங்களூரும்மா. எதுல சேக்கறதுனு வூட்ல ஒரே ரகள. பேசாம சீட்டு குலுக்கிப் பாத்துடலாம்னு கீறேன். நீங்க இன்னா சொல்றீங்கோ?" என்று கேட்டார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "சீட்டெல்லாம் குலுக்கக் கூடாது!" என்று கத்தினேன். மனிதர் பயந்து போனார். "சட்டத்துல தப்பாம்மா?" என்றார். "ஆமா, பெரிய தப்பு" என்றேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அங்கே பார்க்காதே, வாயைத் திறந்து சொல் என்றேன். "பெங்களூரு" என்று முணுமுணுத்தாள். "இத்த வூட்லயே சொல்றதுக்கு இன்னாடி?" என்று அவர் அசந்து போய்க் கேட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்த காலத்திலும் யாராவது படித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். இப்போதும் அப்படியே கேள். இது சினிமாக் கதை இல்லை, நடுவில் எழுந்து பீடி பற்ற வைக்கப் போகாதே.

உன்னை 'நீ' என்று எழுதுவதைப் பார்த்து கல்லூரி விடுதியில் என் சிநேகிதிகள் சிரித்தார்கள், தெரியுமா? பெற்ற அப்பாவை நீ என்பாயா என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் ஊரில் சாமியையும் நைனாவையும் நீ என்றுதான் கூப்பிடுவோம் என்றேன்.

உன்னைப் பற்றி ஊரில் என்ன பேச்சு என்பது உனக்கே தெரியும். ஏரியில் எந்த இடத்தில் எந்த வீடு வலை கட்டுவது என்பதற்கு வருடத்துக்கு ஒரு முறை பாடு போடுவார்கள். ஒரு இடத்தில் இறால் அள்ளிக்கொண்டு வரும், இன்னொன்றில் பாசிதான் வரும். ஆளாளுக்கு இடம் பிடிக்கப் போனால் வெட்டுக்குத்துதான். அதனால் ஒவ்வொரு வீடும் தன் குறி செதுக்கிய தக்கை ஒன்றைக் குடத்தில் போடும். ஊர்த் தலைவர் இடத்தின் பேரைச் சொல்லுவார். அன்றைக்கு ஊருக்கு வந்த வெளியாள், வளையல்காரரோ உப்பு வியாபாரியோ, கையை விட்டு ஒரு தக்கையை எடுப்பார். யார் தக்கை வந்ததோ அவருக்கு அந்த இடம். அதன்பிறகு ஒரு பேச்சு கிடையாது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீட்டில்கூடப் பாடு போட்ட சீட்டுக்கு எதிராக ஒருத்தர் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குடத்தைப் பிடிக்கிற ஆள் நீ. குலுக்குவதும் நீ, கடைசியில் குடத்தைக் கவிழ்த்துக் காலி என்று ஊர்ச் சபைக்குக் காட்டுவதும் நீ. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வேறு ஒருத்தர் கையில் அந்தக் குடத்தைப் பார்த்ததில்லை. பக்கத்துக் குப்பத்தில் தகராறு வந்தால்கூடப் படகு அனுப்பி உன்னைக் கூட்டிப் போவார்கள். அன்றைக்கு மட்டும் நீ வெள்ளை வேட்டி கட்டுவாய், மீசையை வாரிக்கொள்வாய். அம்மா, "மாப்ள கெளம்பிட்டாரு" என்று கேலி செய்வாள். உனக்கு உச்சி குளிர்ந்துவிடும். சொந்தமாகப் படகு இல்லாத, பேர் எழுதத் தெரியாத மனிதனுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நான் வக்கீலாக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது நானா, நீயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொன்னேரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஏரித் தகராறு ஒன்றில் நம் ஊர் ஆட்கள் பத்துப் பேர் கோர்ட்டுக்கு வந்திருந்தீர்கள். வகுப்பு முடிந்து நான் வந்து பார்த்தபோது வாசல் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "இன்னா ஆச்சு நைனா? ஜெயிச்சோமா?" என்று கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "தெரிலடி. ரெண்டு வக்கீலும் இங்கிலீசுல பேசிக்கினாங்கோ. அப்புறம் நம்மாளு போலாம்னாரு. வந்துட்டோம்" என்றாய். ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் பத்து ஆம்பிளைகள் பழவேற்காடு பஸ்ஸுக்கு நின்றீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டுச் சொன்னாய், "நீ ஒண்ணும் ஜெயிச்சுக் குடுக்க வாணாம். தோத்தா தோத்துட்டோம்னு நம்ம பேச்சுல சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

பி.ஏ. முடித்ததும் சென்னைக்கும் திருப்பதிக்கும் விண்ணப்பம் போட்டேன். திருப்பதிக்குப் போட்டது அம்மாவின் பிடிவாதம். அவள் அண்ணன், என் மாமா, அங்கே குடும்பத்தோடு இருந்தார். அங்கே படித்தால் மாமா வீட்டிலேயே தங்கலாம். தங்கினால் மாமா மகனுக்கு என்னைக் கட்டி வைப்பது சுலபம். இதை யாரும் சுற்றி வளைத்துப் பேசவில்லை, பேஷாக வெளிப்படையாகவே பேசினார்கள். மாமா மகன் கெட்டவன் இல்லை. என்ன பேசினாலும் சிரிப்பான், அவ்வளவுதான். கல்யாணம் ஆனதும் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எங்கண்ணன் படிக்க வைக்கும்" என்றாள் அம்மா. நம் தெருவில் இரண்டு பெண்களை அப்படித்தான் படிக்க வைத்தார்கள். ஒருத்தி கையில் பிள்ளையோடு டீச்சர் பயிற்சியைப் பாதியில் விட்டாள். இன்னொருத்தி போகவே இல்லை.

இரண்டு ஊரிலிருந்தும் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். நானும் அம்மாவும் மாறி மாறிக் கத்தினோம். சென்னையில் கல்லூரிக்குப் பக்கத்திலேயே உயர் நீதிமன்றம் இருக்கிறது, படிக்கும்போதே வழக்கு நடப்பதைப் பார்க்கலாம் என்று நான் ஆயிரம் நியாயம் சொன்னேன். திருப்பதியில் ஏழுமலையான் இருக்கிறார் என்று அம்மா ஒரே நியாயம் சொன்னாள். நீ நடுவில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், "திருப்பதில படிச்சா பொன்னேரி கோர்ட்ல பேச வுடுவாங்களா?" விடுவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலாவது நாள் அம்மா சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தாள். நான் ஏரியில் விழுந்துவிடுவேன் என்றேன். இடுப்பளவு தண்ணீரில் விழுந்து என்ன செய்வாய் என்று நீ கேட்டபோது அம்மாவுக்கும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"மனுசன் முடிவு எட்த்தா மனசுல வருத்தம் நிக்கும். சீட்டு போட்டுடலாம். எது வந்தாலும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னா சொல்றீங்கோ?"

அம்மா உடனே சரி என்றாள். பாடு போடும் சீட்டுக்குப் பழகிய மனசு. நானும் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? குடம் பிடிக்கிறவர் வீட்டில் சீட்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

தக்கையில் ஊர் பேரைச் செதுக்க முடியாது. அதனால் காகிதத்தில் எழுதச் சொன்னாய். "நீதான் படிச்சவ, எழுது" என்றாய். நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனேன். சத்தியமாக முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன் நைனா. ஒன்றில் சென்னை, ஒன்றில் திருப்பதி. எழுதிய பிறகு திருப்பதிச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு துண்டில் மறுபடியும் சென்னை என்று எழுதினேன். உனக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது என்கிற தைரியம்தான். மூன்று வருடம் சட்டம் படித்து நான் எந்தத் தில்லுமுல்லும் கற்றுக்கொள்ளவில்லை, போகும்போதே தெரிந்துகொண்டு போனேன்.

வெளியாள் வேண்டுமே என்று பார்த்தாய். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கடிதம் கொண்டு வந்தார் படகேறி வருகிற தபால்காரர். அவரைப் பிடித்து உட்கார வைத்து மோர் கொடுத்தாய். வீட்டுத் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துத் துடைத்து, சீட்டு இரண்டையும் போட்டுக் குலுக்கினாய். வெறும் இரண்டு துண்டுக் காகிதத்துக்கு, சபையில் குலுக்குகிற மாதிரியே, மூன்று தடவை வலமாகவும் மூன்று தடவை இடமாகவும் குலுக்கினாய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தபால்காரர் ஒன்றை எடுத்துப் பிரித்து, "சென்னை" என்று படித்தார்.

நாலு நாளாகக் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய அம்மா, "சரி, வுழுந்துடுச்சு" என்று எழுந்து மீன் அலசப் போய்விட்டாள். அவள் ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ வழக்கப்படி குடத்தைக் காலி செய்தாய். உள்ளே இருந்த மற்றச் சீட்டை எடுத்துப் பிரித்தாய். அதை ஒரு தடவை பார்த்தாய். தபால்காரர் பாயில் வைத்துவிட்டுப் போன சீட்டை ஒரு தடவை பார்த்தாய். அவ்வளவுதான். இரண்டையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "பட்டணம்" என்றாய். எழுத்துத் தெரியாதவர், கோலம் பார்க்கிற மாதிரி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் உள்ள அத்தனை வீட்டுத் தக்கைக் குறியும் தூரத்திலிருந்தே சொல்லுகிற கண் அது. இரண்டு காகிதத்தில் ஒரே மாதிரி கோடு இருப்பது தெரியாதா? அந்த வயசில் எனக்கு மூளை அவ்வளவுதான். ஒன்றில் சென்னை, ஒன்றில் பட்டணம் என்றாவது எழுதியிருக்கலாம். திருடத் தெரிந்தவளுக்கு மறைக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் வேலை எதுவும் இல்லாமல் நீ இரவல் படகொன்றை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாய். நான் பிரிந்து போகிற துக்கம் என்று நினைத்து, உனக்குப் பிடித்த மடவை மீன் குழம்பு வைத்தேன். வந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

என்னைக் கல்லூரியில் சேர்க்க நீதான் கூட வந்தாய். படகு, பஸ், அப்புறம் பொன்னேரியில் ரயில். விடுதி வார்டன் அம்மாவுக்குக் கொடுக்க என்று மடவைக் கருவாட்டை ஓலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாய். அனுப்பம்பட்டு வருவதற்குள் எதிர்ப் பெஞ்சு காலியாகிவிட்டது. "பாத்தியா, உனக்குக் கால நீட்ட எடம் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றாய். கல்லூரி வாசலில் அந்தச் சிவப்புக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. என் தலையில் கையை வைத்து, "போ. நீயா கேட்டு வாங்கின எடம். நல்லா இரு" என்றாய். நானா எங்கே கேட்டு வாங்கினேன், சீட்டு அல்லவா கொடுத்தது என்று நெஞ்சறிய ஒரு பொய் சொல்லத் தோன்றியது. நல்லவேளை, அதற்குள் நீ திரும்பி நடந்துவிட்டாய்.

அடுத்த மாதம் பாடு போட்டபோது நான் ஊரில் இல்லை. அதற்கடுத்த வருடம் வந்து, பெண்களோடு தள்ளி நின்று பார்த்தேன். குடம் எல்லப்பன் சித்தப்பா கையில் இருந்தது. நீ சபையில் பின்வரிசையில், அழுக்கு லுங்கியோடு உட்கார்ந்திருந்தாய். "ஏன் நைனா?" என்று கேட்டேன். "கை நடுங்குது. கொடம் வுழுந்துட்டா இன்னா பண்றது?" என்றாய். எனக்கு மனசே ஆறவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் டாக்டரைக் கேட்டு நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கி அனுப்பினேன். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் வாங்கி வந்தேன். எத்தனை வருடம்! இல்லாத நடுக்கத்துக்கு வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டாயே, உன்னை என்னவென்று சொல்வது? அதே கையால் என் எதிரிலேயே வலை ஊசியில் நூல் கோத்தாய், ஒரே தடவையில். ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் உன்னிடம்தான் நூல் கோக்கக் கொண்டு வருவார்கள். சாட்சியின் சட்டைப் பொத்தான் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற வக்கீல் என்று எனக்குப் பேர். மண்ணாங்கட்டி வக்கீல்.

அப்புறம் இந்தக் கோர்ட்டுக்கே வந்தேன். நம் ஆட்களுக்கு நம் பேச்சில் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வழக்கு தோற்றபோது வேப்பமரத்தடியில் நின்று, "தோத்துட்டோம், ஏன் தோத்தோம்னா..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, நீ ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தாய்.

பாடு போடுகிற நாளுக்கு ஒரு வருடம் தவறாமல் வந்தேன். சபை கலைந்ததும் படகுத்துறையில் என்னோடு உட்காருவாய். பேச்சு ஓய்ந்ததும், "வேற?" என்று கேட்பாய். கோர்ட்டுக் கதை ஏதாவது சொல்வேன். கேட்டுவிட்டு மறுபடியும், "வேற?" என்பாய். "வேற இன்னா, ஒண்ணும் இல்ல நைனா" என்பேன். சரி என்று எழுந்து லுங்கியைத் தட்டிக்கொள்வாய். பதின்மூன்று வருடம் இப்படியே கேட்டாய். உனக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாய். அந்தப் பிடி உடும்புப் பிடி நைனா. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லப்பன் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கம்மாவ ஒரு வார்த்த சபைக்கு வரச் சொல்றியாம்மா? அண்ணன் போயிட்டாரு. இனிமே அத்த முடிச்சுடலாம்."

எதை என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீ பட்டணம் போன மறு மாசம் கொடத்தக் கொண்டாந்து என் கையில குட்த்துட்டாரு. இன்னாண்ணானு கேட்டேன். 'எங்க வூட்ல ஒரு சீட்டு கோணலாயிடுச்சு எல்லப்பா, நான் கொடம் தொடக் கூடாது'ன்னாரு. யாரு பண்ணதுன்னேன். 'பண்ணவங்களே வந்து சொல்லுவாங்கோ'ன்னாரு. அத்தோட சரி. வூட்ல இன்னொரு ஆளு உங்கம்மாதான? தன் அண்ணன் மவனுக்கு உன்னக் கட்டணும்னு இன்னாவோ பண்ணப் பாத்து பலிக்கலன்னு நாங்க நெனச்சுக்கினோம்."

"அவருக்குக் கை நடுக்கம்னு சொன்னாரே சித்தப்பா?"

"யாரு, உங்க நைனாவா? அவரு கையா?" என்று சிரித்தார் அவர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் முறையைச் சொன்னார். சீட்டில் கோணல் செய்த வீடு, செய்தவர் சபையில் நின்று தன் வாயால் சொல்லுகிற வரைக்கும் குடத்தைத் தொடக் கூடாது. யாரும் அவரைக் கேட்கவும் கூடாது. கேட்டுச் சொன்னால் அது கணக்கில்லை, தானாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் அம்மாவை நேராகக் கேட்காமல் என்னிடம் சாடையாகச் சொன்னார். பெண்கள் சபையில் உட்காருவதில்லை, அதனால் எனக்கு இது தெரியாது. எத்தனையோ சட்டத்தைக் கரைத்துக் குடித்தவளுக்குச் சொந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு வரி தெரியவில்லை.

ஆக, நீ அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்த பிறகும், விழுந்த சீட்டு விழுந்ததுதான் என்று எனக்குப் பட்டணத்தைக் கொடுத்தாய். தண்டனையை மட்டும் நீ எடுத்துக்கொண்டாய். ஒரு அதட்டல் போட்டிருந்தால் காலில் விழுந்து சொல்லியிருப்பேனே! ஏன் கேட்கவில்லை நைனா? "வேற?" என்று கேட்டதுதான் நீ கேட்கக்கூடியதன் எல்லை என்று இப்போது புரிகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் நான் தானாகச் சொன்னதாக ஆகியிருக்காது. உன் வெள்ளை வேட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து, வருடா வருடம் எனக்காகக் காத்திருந்தாய். நானோ உனக்கு மாத்திரை வாங்கி வந்தேன்.

அம்மாவிடம் முதலில் சொன்னேன். ஊரே தன்னைச் சந்தேகப்பட்டது தெரிந்ததும், "அடிப்பாவி!" என்று ஆரம்பித்தவள், மடைதிறந்த மாதிரி திட்டிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொண்டு வந்து வைத்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல அந்த மனுசன்" என்று உன்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு அழுதாள்.

போன மாதம் பாடு போட்ட நாளில் சபைக்குப் போனேன். எல்லா வீட்டு ஆண்களும் இருந்தார்கள். கோர்ட்டில் எத்தனையோ பேருக்கு எதிரே பேசியிருக்கிறேன், அன்றைக்கு நாலே வரியை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "எங்க வூட்டு சீட்ட நான்தான் கோணல் பண்ணேன். ரெண்டு சீட்டுலயும் சென்னைனு எழுதினேன். எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க நைனா எதுவும் பண்ணல" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை, ஒருத்தரும் திட்டவில்லை. தலைவர் மட்டும், "சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன்" என்றேன். "சரி, தீந்துச்சு" என்றார். அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. எவ்வளவு சின்ன வேலை நைனா! படகுத்துறையில் ஒரு சாயங்காலம் உன்னிடம் சொல்லியிருந்தால், மறு வருடமே நீ மீசையை வாரிக்கொண்டு கிளம்பியிருப்பாய்.

இப்போதெல்லாம் எதிரில் நிற்கிறவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் நான் பாய்வதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறேன். நேரத்தை வீணாக்காதீர்கள் என்று நீதிபதி கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளட்டும். சிலர் அந்த நேரத்தில் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்த முகத்தை நான் உனக்குக் காட்டவே இல்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஊருக்குச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. யாரும் கேட்காமல், நானாகத்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு சீட்டையும் நான்தான் எழுதினேன் நைனா.

சபை முடிந்து நான் கிளம்பும்போது சித்தப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "இனிமே உங்க வூடு கொடம் தொடலாம்மா" என்றார். சொல்லிவிட்டு நம் வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவர் குடத்தைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார்.